கால் சரியாகிவிட்டது

சென்ற மாதம் சரண்யா, ஓய்வு பெற்று வீட்டில் இருக்கும் என்னைத் தேடி வந்தாள். நான் வேலை செய்த வைத்தியசாலைப் பிரிவில் இப்போது வேலை செய்பவள். கண்டிப் பக்கத்துப் பாடசாலைகளில் விளையாட்டுக்குப் பொறுப்பான ஆசிரியர்களைக் கூப்பிட்டு, பிள்ளைகளுக்குக் காயம் வராமல் எப்படிப் பார்ப்பது, வந்தால் என்ன செய்வது என்று ஒரு நாள் வகுப்பு வைக்கிறார்களாம். எங்கள் காலத்தில் இப்படி ஒன்று வைக்கச் சொல்லிக் கேட்டுக் கேட்டே அலுத்துப்போனோம். இப்போது அவர்களாகவே கூப்பிடுகிறார்கள் என்றால் நல்ல மாற்றம்தான். நானும் வந்து கொஞ்சம் பேச வேண்டும் என்றாள்.

"மிஸ், உங்க சேர்விஸ்ல ரொம்ப நல்லா சுகமான ஒரு கேஸச் சொல்லுங்க. கேக்கிறவங்களுக்கு நம்பிக்கை வரணும்."

சரி என்றேன். அவள் போன பிறகு யோசித்துப் பார்த்தேன். முதலில் நினைவுக்கு வந்தவள் தர்ஷனி. வைத்தியசாலைக் கண்ணால் பார்த்தால் அவளைவிடச் சுத்தமாகக் குணமான யாரும் என் கையில் வந்ததில்லை. ஆனால் வகுப்பில் நான் அவளைப் பற்றிச் சொல்லவில்லை. கணுக்கால் பிசகி, தேறி, மறுபடியும் வலைப்பந்து ஆடிய ஒரு பிள்ளையின் கதையைச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அங்கே சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

நான் கண்டி டவுனில் பிறந்து வளர்ந்தவள். அப்பா தேயிலைத் தோட்டத்தில் கிளாக்கராக இருந்து, பிறகு டவுனுக்கு இறங்கியவர். கோயில் பாடசாலையில் படித்து, கொழும்பில் பிசியோதெரபி பயிற்சி முடித்து, இரண்டு மூன்று ஊர்களில் வேலை செய்துவிட்டுக் கண்டிக்கே மாற்றலாகி வந்தேன். படித்த காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. எலும்புகளின் பெயர்களைச் சொல்லிக்கொண்டே பஸ்ஸில் தூங்கியதும், கன்டீன் பருப்பின் ருசியும்தான் மிச்சம். வேலையை நான் கற்றது கண்டிக்கு வந்த பிறகு, லொக்கு மிஸ்ஸிடம்.

எங்கள் பிரிவின் கதவுக்கு மேலே 'இயன்மருத்துவப் பிரிவு' என்று பலகை தொங்கியது. சனங்கள் அதை எக்சர்சைஸ் ரூம் என்றுதான் சொல்வார்கள். அதற்குப் பொறுப்பாக இருந்தவரை எல்லோரும் சிங்களத்தில் லொக்கு மிஸ், பெரிய மிஸ் என்று கூப்பிட்டோம். ஆள் சின்ன உருவம். வெள்ளைச் சேலையை முழங்கையால் ஒரு தரம் இழுத்துவிட்டுக்கொண்டே பேசுவார். வேலை நேரத்தில் அவர் கதிரையில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. ஆனால் பிள்ளையுடன் வந்த அம்மாவோ அப்பாவோ உட்காரும்வரை பேச்சைத் தொடங்கவும் மாட்டார்.

காயத்தோடு வரும் பிள்ளையை உடனே கட்டிலில் ஏற்றிவிடக் கூடாது என்பது அவர் சட்டம். வாசலிலிருந்து ஜன்னல்வரை ஒருமுறை நடக்கச் சொல்வார். பிறகு இரண்டு சப்பாத்தையும் கழற்றச் சொல்லி, அவற்றைக் கவிழ்த்து அடிப்பக்கம் எங்கே தேய்ந்திருக்கிறது என்று பார்ப்பார். அதற்குப் பிறகுதான் கை வைப்பது. அதுவும் முதலில் நோகாத காலில். நான் வந்த புதிதில் ஒரு பையனின் வீங்கிய முழங்காலை நேராகப் பிடித்துவிட்டேன். லொக்கு மிஸ் என் கையை மெதுவாக எடுத்து மற்ற முழங்காலில் வைத்தார்.

"நல்ல கால் முதல். அப்ப புள்ளைக்குப் பயம் போகும். உனக்கும் தெரியும், இந்தப் புள்ளைக்கு நல்லது எப்படி இருக்குது எண்டு."

அவருக்குத் தமிழ் அவ்வளவுதான் வரும். மீதியைச் சிங்களத்தில் சொல்வார், நான் பிள்ளைகளுக்கு மாற்றிச் சொல்வேன். ஓடாதே, ஆடாதே என்று மட்டும் ஒரு பிள்ளையிடமும் சொல்லி அனுப்பமாட்டார். ஓட முடியாவிட்டால் என்ன செய்யலாம் என்று ஒன்றைக் கையில் கொடுத்துத்தான் அனுப்புவார். தோள் உடைந்தவனுக்குக் கால் பயிற்சி, கால் நொந்தவளுக்கு வயிற்றுப் பயிற்சி. "சும்மா இருக்கிற புள்ள வீட்டுக்குப் போய் ஓடும்" என்பார்.

கண்டியில் றக்பி சீசன் தொடங்கினால் எங்கள் பெஞ்சுகள் நிறைந்துவிடும். திகனையிலிருந்து வந்த ரிஸ்வான் அப்படி ஒரு சீசனில் தோள் கழன்று வந்தவன். நல்ல உயரம், சிரித்த முகம். அவசரப் பிரிவில் தோளைத் திரும்ப ஏற்றி, கையைக் கழுத்தோடு கட்டி அனுப்பியிருந்தார்கள். பாடசாலையின் பெரிய மெச் நெருங்கிக்கொண்டிருந்தது. தோளைச் சுற்றியிருக்கும் தசை பலப்படாமல் ஆடினால் மறுபடியும் கழலும் என்று லொக்கு மிஸ் தன் முஷ்டியை மற்றக் கைக்குள் வைத்து, கழற்றி, மாட்டிக் காட்டினார். அவன் கவனமாகக் கேட்டான். "சரி மிஸ்" என்றான். போய், வேறு யாரிடமோ தோளை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஆடினான். ஆடி, வென்ற பக்கத்தில் இருந்தான். அந்த மெச்சைப் பார்த்தவர்கள் அவனை ஒரு கிளப்புக்கு எடுத்தார்கள். அடுத்த வருடம் தோள் மறுபடி கழன்றதும் ஒப்பரேஷன் செய்ய வேண்டி வந்ததும் உண்மை. ஆனால் அதற்குள் அவனுக்கு வேலையும் பெயரும் கிடைத்துவிட்டன. பெருநாளைக்குப் பெருநாள் வட்டிலப்பம் கொண்டுவருவான். லொக்கு மிஸ் அதை நின்றபடியே சாப்பிட்டுக்கொண்டு, தன் பேச்சைக் கேட்காதவன் கொண்டுவருகிற வட்டிலப்பம்தான் இந்த ஊரிலேயே ருசி என்று சிரிப்பார்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், ரிஸ்வானின் கதை கண்டியில் எல்லா விளையாட்டு மாஸ்டர்களுக்கும் தெரியும். பாறூக் சேருக்கும் தெரியும்.

பாறூக் சேர் கட்டுகஸ்தோட்டைக்காரர். டவுனில் ஒரு தமிழ்ப் பாடசாலையில் விளையாட்டு ஆசிரியர். மைதானம் இல்லாத பாடசாலைக்கு ஓட்டக்காரர்களை உண்டாக்கியவர் என்று பெயர். அவர்தான் தர்ஷனியைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஹந்தானைத் தோட்டத்துப் பிள்ளை. அப்பா தோட்டத்தில் மருந்தடிக்கிறவர், அம்மா கொழுந்தெடுக்கிறவர். தொழிலாளர் லயத்தில் வீடு. தர்ஷனி ஆயிரத்து ஐந்நூறு மீற்றர் ஓடுவாள். மாகாணத்தில் வென்று, அகில இலங்கைப் போட்டிக்குத் தெரிவாகியிருந்தாள். பாடசாலை வயதில் அவளுக்கு அதுதான் கடைசிப் போட்டி. அதில் இறுதி ஓட்டத்துக்கு வருகிற பிள்ளைகளைத் தங்கள் ஓட்டக் குழுவுக்கு எடுப்பதாகக் கொழும்பில் ஒரு கம்பெனி சொல்லியிருந்தது. வேலையும் உண்டு, தங்குமிடமும் உண்டு, பயிற்சியும் உண்டு.

"கால்ல லேசா ஒரு நோவு ஈக்கி எண்டு சொல்றா மிஸ்" என்றார் பாறூக் சேர். "ஐஸ் வெச்சா கொறயிது. பொறகும் வருது."

லொக்கு மிஸ் அவளை நடக்கச் சொன்னார். நடையில் ஒன்றும் தெரியவில்லை. சொப்பிங் பேக்கில் கொண்டுவந்திருந்த ஓட்டச் சப்பாத்தை வாங்கிக் கவிழ்த்துப் பார்த்தார். குதியின் வெளிப்பக்கம் ஒரு தேய்வு. முன்பக்கம் வேறு விதமாக இன்னொரு தேய்வு. இது யாருடைய சப்பாத்து என்று கேட்டார். முந்தின வருடம் ஓடிய ஓர் அக்கா கொடுத்தது என்றாள். வேறொருத்தி தேய்த்த குதியில் நின்றுகொண்டுதான் இவள் ஓடிக்கொண்டிருந்தாள்.

பிறகு கட்டிலில் உட்காரவைத்து, வலது காலிலிருந்து தொடங்கினார். முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பின் விளிம்பில் கட்டைவிரலை வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக அழுத்திக்கொண்டே கணுக்கால்வரை இறங்கினார். ஒன்றும் இல்லை. இடது காலிலும் அப்படியே இறங்கினார். நடுப்பகுதிக்கு வந்தபோது தர்ஷனியின் முகம் அசையவில்லை. கால் பெருவிரல் மட்டும் உள்ளே மடங்கியது. லொக்கு மிஸ் என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். விரலை எடுத்து, கொஞ்சம் கீழே அழுத்தினார். பெருவிரல் விரிந்தது. திரும்ப மேலே. மடங்கியது.

ஓடுகிற பிள்ளைகளுக்கு முன்னங்கால் நோவது சாதாரணம். நோவு ஒரு சாண் நீளத்துக்குப் பரவியிருந்தால் பெரும்பாலும் அது தசையும் எலும்பும் ஒட்டுகிற இடத்துப் புண். இளைப்பாறினால் போய்விடும். விரல் நுனி அளவுக்கு ஒரே இடத்தில் நொந்தால் எலும்பையே சந்தேகப்பட வேண்டும். திரும்பத் திரும்ப அதிர்ந்து எலும்பில் மெல்லிய வெடிப்பு விழுந்திருக்கலாம். அதிலும் எலும்பின் முன்பக்கத்தில் விழுகிற வெடிப்பு பொல்லாதது. ஆறுவதற்கு நாள் எடுக்கும். ஆறாமல் ஓடினால் எலும்பு இரண்டாக முறிந்தும் போகலாம்.

ஒற்றைக் காலில் துள்ளச் சொன்னார். வலது காலில் பந்து போலத் துள்ளினாள். இடது காலில் துள்ளும்போது எதிரே இருந்த அலுமாரியையே பார்த்துக்கொண்டு மூச்சைப் பிடித்தாள். லொக்கு மிஸ் உடனே நிறுத்தச் சொல்லிவிட்டு, வெளியே நின்ற பாறூக் சேரைக் கூப்பிட்டார். அவருடைய விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தார். "சேர், அழுத்துங்க." அவர் அழுத்தினார். தர்ஷனி இம்முறை மூச்சை உள்ளே இழுத்த சத்தம் எங்களுக்குக் கேட்டது. சேர் சுட்டதுபோலக் கையை எடுத்துக்கொண்டார். அந்த மனிதர் கெட்டவர் இல்லை. பிள்ளை லேசான நோவுதான் என்றதை நம்பியிருந்தார், அவ்வளவுதான்.

அவரைத் திரும்ப வெளியே அனுப்பிவிட்டு லொக்கு மிஸ் கேள்விகள் கேட்டார், நான் தமிழில் கேட்டேன். காலையில் என்ன சாப்பிடுவாய்? ஒரு ரொட்டி, தேத்தண்ணி. சில நாள் தேத்தண்ணி மட்டும். வயிற்றில் ஏதும் இருந்தால் ஓட முடியாது. எப்படி டவுனுக்கு வருவாய்? ஹந்தானையிலிருந்து இறக்கத்தில் ஓடியே வந்துவிடுவேன், அதுவும் பயிற்சிதானே. சாயங்காலம் ஏறி நடப்பேன். மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா?

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "நின்னு பல மாசமாச்சு மிஸ். அம்மாவுக்குத் தெரியாது. ஓடுறவங்களுக்கு அப்படித்தான்னு ஒரு அக்கா சொன்னாங்க. எனக்கும் அது நல்லதாத்தான் பட்டுச்சு. தொந்தரவு இல்லல்ல."

லொக்கு மிஸ்ஸுக்கு நான் அதைச் சொன்னபோது சேலையை இழுத்துவிட்ட அவர் கை அப்படியே நின்றது. உடம்புக்குப் போதிய சாப்பாடு கிடைக்காதபோது அது முதலில் மாதவிலக்கை நிறுத்தும், பிறகு எலும்பில் கை வைக்கும். அந்தப் பிள்ளை தன் எலும்பைச் செலவழித்து ஓடிக்கொண்டிருந்தாள்.

எக்ஸ்ரே எடுத்தோம். படத்தில் ஒன்றும் இல்லை. அதுதான் பெரிய கஷ்டமாகப் போனது. இந்த வகை வெடிப்பு தொடக்கத்தில் படத்தில் தெரியாது. சில கிழமைகள் போன பிறகே தெரியும். அதை நான் விளக்கிச் சொல்லச் சொல்ல, பாறூக் சேரும் தர்ஷனியும் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளையாக, நேராக, அழகான எலும்பு. யாருக்குத்தான் நம்பிக்கை வராது? ஆனாலும் சேர் ஓட்டத்தை நிறுத்தினார். அந்த மட்டில் சொன்ன சொல் கேட்டார். மலையிறங்கி ஏறுவதைத்தான் யாராலும் நிறுத்த முடியவில்லை. பாடசாலைக்கு வேறு எப்படி வருவாள்?

இரண்டாவது படத்தில் அது தெரிந்தது. எலும்பின் முன் விளிம்பில், தலைமுடி ஒன்று விழுந்து கிடப்பதுபோல ஒரு கறுப்புக் கோடு. எலும்பு வைத்தியர் படத்தைப் பார்த்தார், ஓடவே கூடாது என்றார், அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார். அவர் கிளினிக்குக்கு வெளியே வராந்தா நிறையச் சனம். மீதியைப் பேச எங்கள் அறைக்கு வந்தோம். போட்டிக்கு இரண்டு கிழமைதான் இருந்தது. தர்ஷனியின் அம்மா அன்றைக்கு வேலைக்குப் போகாமல் வந்திருந்தார். லொக்கு மிஸ் அவரைக் கதிரையில் உட்காரவைத்தார். அந்த அம்மா நுனியில்தான் உட்கார்ந்தார்.

"மிஸ், கொழுந்தெடுக்கிற எங்களுக்கும் கால் நோகத்தான் செய்யுது" என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை. "நோகுதுன்னு மலை ஏறாம இருக்கமா? இது ஒரே ஒரு ஓட்டந்தானே. அத ஓடிட்டு வந்து அப்புறமா எத்தன நாள் வேணும்னாலும் படுத்துக்கட்டும்."

பாறூக் சேர் ரிஸ்வானின் பெயரை எடுத்தார். அவனும் ஆடக்கூடாது என்றுதானே சொன்னீர்கள், ஆடினான்தானே, இன்றைக்கு எங்கே இருக்கிறான் என்று கேட்டார். இறுதி ஓட்டத்தில் இவள் வெல்லக்கூடத் தேவையில்லை, வந்தால் போதும் என்றார். அவர் இந்தப் பிள்ளையைத் தோட்டத்து வீதியில் ஓடும்போது கண்டுபிடித்துக் கொண்டுவந்தவர்.

லொக்கு மிஸ் எல்லாவற்றையும் கேட்டார். பிறகு தர்ஷனிக்கு முன்னால் முழங்காலில் உட்கார்ந்தார். அன்றைக்குத்தான் முதல்முறையாக அவர் வேலை நேரத்தில் உட்கார்ந்து பார்த்தேன்.

"புள்ள, நான் பொய் சொல்றது இல்ல. நீ ஓடினா கால் உடையலாம். உடையாமலும் இருக்கலாம். எனக்குத் தெரியாது. டொக்டருக்கும் தெரியாது. உடைஞ்சா ஒப்பரேஷன், உள்ளுக்குக் கம்பி. அதுக்குப் பிறகு எப்படி எண்டு சொல்ல ஏலாது."

தர்ஷனி அவரைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். தன் மொழியில் பதில் வேண்டும் என்பதுபோல.

"நீங்க சொல்லுங்க மிஸ். ஓடவா, வேணாமா?"

"வேணாம்" என்றேன்.

"ஆறினதுக்கு அப்புறம் ஓடலாமா?"

"ஓடலாம். முன்னே மாதிரியே ஓடலாம்."

அவள் அழவில்லை. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "அப்ப வேணாம் சேர்" என்று பாறூக் சேரிடம் சொன்னாள்.

இன்று கேட்டாலும் நான் அதையேதான் சொல்வேன். பதினெட்டு வயது முடியாத ஒரு பிள்ளையின் எலும்பு முறியலாம் என்று தெரிந்துகொண்டு ஓடு என்று சொல்ல என்னால் முடியாது. ஆனால் ஓடலாம் என்று நான் சொன்னது அவளுடைய காலைப் பற்றி. அவளுக்கு அது அவளுடைய ஓட்டத்தைப் பற்றிச் சொன்னதாகக் கேட்டிருக்கிறது.

சொன்ன சொல்லை அவளைப்போல் கேட்ட ஒரு பிள்ளையை நான் பிறகு காணவில்லை. மலை ஏறக் கூடாது என்பதற்காக டவுனில் இருந்த சித்தி வீட்டில் தங்கினாள். காலை ஊன்றாமல் ஊன்றுகோலோடு நடந்தாள். லொக்கு மிஸ் அவளுக்கு மருந்து எழுதுவதுபோலச் சாப்பாடு சொன்னார். காலையில் முட்டை, அவித்த பாசிப்பயறு, பள்ளிக்கூட இடைவேளையில் வாழைப்பழம், மதியத்துக்கு நெத்தலி. முட்டையைச் சில நாள் லொக்கு மிஸ்ஸே வீட்டிலிருந்து அவித்துக் கொண்டுவந்து, தன் முன்னால் சாப்பிடவைத்தார். ஒருநாள் தர்ஷனி என் காதருகே வந்து, "வந்துருச்சு மிஸ்" என்று சொல்லிவிட்டு வெட்கத்தோடு சிரித்தாள். மாதவிலக்கைத்தான் சொன்னாள். எங்கள் அறையில் அன்று எல்லோருக்கும் தேத்தண்ணியும் கேக்கும்.

காலில் எடை விழாமல் ஓட்டப் பழக்கத்தைக் காப்பாற்றத் தண்ணீரில் ஓடவேண்டும். ஒரு பாடசாலையின் நீச்சல் குளத்தில் லொக்கு மிஸ் இடம் கேட்டு வாங்கினார். இடுப்பில் மிதவைப் பட்டி கட்டிக்கொண்டு, கால் தரையில் படாத ஆழத்தில் ஓடுவதுபோலக் கால்களை அடிப்பதுதான் பயிற்சி. தர்ஷனிக்குத் தண்ணீர் என்றால் பயம். முதல் நாள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை. நீந்தத் தெரியாத நான், எனக்குப் பயமில்லை என்று அவளுக்குக் காட்டிக்கொண்டு, விளிம்புக் கம்பியை ஒரு கையால் பிடித்தபடி தொங்கினேன். சில கிழமைகளில் அவள் குளத்தின் குறுக்கே போய்வந்துகொண்டிருந்தாள்.

அந்த நாட்களில்தான் அகில இலங்கைப் போட்டி நடந்து முடிந்தது.

பிறகு ஊன்றுகோலை விட்டு நடை. நடையில் நோவு இல்லை என்றான பிறகு, நடையும் மெல்லோட்டமும் மாறி மாறி. புல்லில் மட்டும், புதுச் சப்பாத்தோடு. பாறூக் சேர்தான் சப்பாத்து வாங்கிக் கொடுத்தார். நோவு வந்தால் அன்றைக்கு நிறுத்தி, ஒரு படி பின்னால் போக வேண்டும். அவளுக்கு ஒருநாளும் பின்னால் போக வேண்டி வரவில்லை. கடைசிப் படத்தில் அந்தக் கோடு இல்லை. அந்த இடத்தில் எலும்பு முன்னைவிடத் தடித்திருந்தது. லொக்கு மிஸ்ஸின் கட்டைவிரல் இறங்கும்போது கால் பெருவிரல் அசையவில்லை. இடது காலிலும் பந்து போலத் துள்ளினாள்.

முழுத் தூரம் ஓடிப் பார்த்த நாளில், பாறூக் சேர் கேட்டு வாங்கிய வேறொரு பாடசாலை மைதானத்துக்கு லொக்கு மிஸ்ஸும் வந்தார். வெயிலுக்குக் குடை பிடித்துக்கொண்டு வேலியோரம் நின்றார். தர்ஷனி ஓடினாள். தோள் அசையாது, தலை அசையாது, கால் தரையைத் தொட்டதும் எடுத்துவிடுவாள். இரண்டு காலும் ஒரே சத்தம். "கால் சரி" என்று சொல்லிவிட்டு லொக்கு மிஸ் குடையை மடக்கினார். அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் அதிகம் பார்த்ததில்லை.

பாறூக் சேர் கையிலிருந்த கடிகாரத்தை நிறுத்தி, பார்த்து, மறுபடி பார்த்தார். மாகாணத்தில் வென்றபோது ஓடியதைவிட அவள் வேகமாக ஓடியிருந்தாள்.

"மிஸ், இந்த ஓட்டம் அன்டைக்கு ஈந்திருந்தா" என்று தொடங்கினார். கடிகாரத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு தர்ஷனியிடம் போய் அவள் தலையில் கை வைத்தார்.

அதற்குப் பிறகு நடந்ததில் எதையும் நாங்கள் செய்யவில்லை, எதையும் தடுக்கவும் முடியவில்லை. அடுத்த வருடம் பாடசாலைப் போட்டிக்கு அவளுக்கு வயது கடந்துவிட்டது. கம்பெனி, அந்தப் போட்டியில் இறுதி ஓட்டத்துக்கு வந்த பிள்ளைகளை எடுத்துக் குழுவை நிரப்பிக்கொண்டது. பாறூக் சேர் இரண்டுமுறை கொழும்புக்குப் போய்ப் பேசினார். அடுத்த தடவை பார்க்கலாம் என்றார்கள். பிறகு அந்தக் குழுவே இல்லாமல் போயிற்று. பாடசாலை முடிந்ததும் அந்த மைதானத்தில் ஓட அவளுக்கு இடமில்லை. வெளியாட்களுக்கு அனுமதி இல்லை என்றார்கள். கொஞ்ச நாள் தோட்டத்து வீதியில் தனியாக ஓடினாள். கூட ஓட ஆளில்லை, ஓடிப் போய்ச் சேர ஒரு போட்டியும் இல்லை. பாறூக் சேருக்கு மாற்றல் வந்தது. அவளுடைய அம்மாவுக்கு முதுகு முடியாமல் போனது. தர்ஷனி கட்டுகஸ்தோட்டையில் ஒரு துணிக்கடையில் சேர்ந்துவிட்டதாகப் பாறூக் சேர் வந்து சொல்லிவிட்டுப் போனார்.

லொக்கு மிஸ் அன்று அவளுடைய கடைசி எக்ஸ்ரேயைத் தேடி எடுத்தார். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். திரும்ப உறைக்குள் போட்டார்.

அவளால் சில நல்ல காரியங்கள் நடக்காமல் இல்லை. நாங்கள் இருவரும் சனிக்கிழமைகளில் பாடசாலை பாடசாலையாகப் போனோம். ஓடுகிற பெண் பிள்ளைகளிடம் சாப்பாட்டைப் பற்றியும் மாதவிலக்கைப் பற்றியும் கேளுங்கள், கேட்க வெட்கமாக இருந்தால் ஒரு டீச்சரை வைத்துக் கேளுங்கள், ஒரே இடத்தில் நொந்தால் ஐஸ் வைத்து ஓடவிடாதீர்கள் என்று சொன்னோம். சில மாஸ்டர்கள் எழுந்து வெளியே போனார்கள். சிலர் கேட்டார்கள். தர்ஷனி எங்களிடம் வருவதற்கு ஒரு வருடம் முன்னால் இதை யாராவது செய்திருந்தால் அந்தக் கோடே விழுந்திருக்காது. ஒவ்வொரு பாடசாலைப் படியிலும் ஏறும்போது எனக்கு அந்த நினைப்புத்தான். லொக்கு மிஸ் ஓய்வு பெற்ற பிறகு நான் தனியாகப் போனேன். எத்தனை பிள்ளைகளுக்கு அது உதவியது என்று எனக்குத் தெரியாது. வராமல் போன காயத்தை யாரும் வந்து காட்டுவதில்லை.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச காலம் முன்பு, அப்படி ஒரு பாடசாலைக்குப் போய்விட்டுக் கட்டுகஸ்தோட்டையில் பஸ் ஏறினேன். சாயங்கால நெரிசல். பாலத்தில் பஸ் ஊர்ந்துகொண்டிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் என்னையே பார்த்துவிட்டு, "மிஸ்தானே?" என்றாள். கடைச் சீருடை, மடியில் ஒரு பை, கழுத்தில் தாலி. சிரித்தபோதுதான் தெரிந்தது.

அம்மாவைப் பற்றிக் கேட்டேன். சேரைப் பற்றிக் கேட்டாள். லொக்கு மிஸ் அவித்துக் கொடுத்த முட்டையைப் பற்றிச் சொல்லிச் சிரித்தாள். அவர் இறந்துவிட்டார் என்றதும், எப்போது என்று கேட்டாள். பழக்கதோஷத்தில் நான் கால் எப்படி என்று கேட்டேன்.

"ஒண்ணுமே இல்ல மிஸ். நாள் பூரா கடையில நின்னுக்கிட்டுத்தான். மழக் காலத்துலகூட நோகாது."

எனக்கு அதோடு விட மனம் வரவில்லை. அன்றைக்கு உன்னை ஓடவிட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்னும் நினைப்பதுண்டு என்றேன். அவள் ஜன்னலுக்கு வெளியே ஆற்றைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"நானும் நெனப்பேன் மிஸ். நீங்க சொன்னது சரிதான். ஒடஞ்சிருந்தா என்னா செஞ்சிருப்போம்? ஆனா ஒண்ணு. ஒடஞ்சிருந்தா, கால் ஒடஞ்சிருச்சு, அதான் ஓடலன்னு சொல்லிக்கலாம். இப்ப கடையில புள்ளைங்க கேக்குதுங்க, ஏன் அக்கா விட்டீங்கன்னு. கால் நல்லாத்தானே இருக்கு. அதுங்களுக்கு என்னா சொல்றதுன்னுதான் தெரியல."

அவள் குறையாகச் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். டவுன் வரும்வரை அப்படியே இருந்தோம்.

மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பக்கத்தில் இறங்கினோம். "வர்றேங்க மிஸ்" என்றாள். அந்தப் பக்கம் ஹந்தானை பஸ் புறப்பட்டு நகரத் தொடங்கியிருந்தது. தர்ஷனி பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினாள். சனங்கள் விலகினார்கள். மிதிபலகையில் நின்ற கண்டக்டர் குனிந்து கை நீட்டினார். அவள் அந்தக் கையைப் பிடிக்காமலே ஏறிக்கொண்டாள்.